லுசாகாவிலிருந்து கிணத்துக்கடவுக்கு எட்டு மணி நேரம்

1

நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்த மாதிரி சொல்ல வேண்டியதில்லை. பல்லடத்துக்குக் கிழக்கே, மழையை நம்பிச் சோளம் விதைக்கிற காட்டில் பிறந்து, போர்வெல் போடும் ரிக் வண்டியில் ராடு தூக்கும் கூலியாகச் சேர்ந்தேன். முதலாளியோடு ஆப்பிரிக்கா வந்தேன். அவர் நஷ்டப்பட்டு ஊருக்குத் திரும்பியபோது நான் திரும்பவில்லை. இன்று சாம்பியா நாட்டின் லுசாகா நகரத்தில் ரங்கசாமி என்ற என் பெயரைத் தாங்கி நான்கு ரிக் வண்டிகள் ஓடுகின்றன. மதில் கட்டிய யார்டு இருக்கிறது. அதற்குள் வொர்க்‌ஷாப், எஞ்சினியர் யாரும் இல்லாமல் நானே கயிறு பிடித்துக் கட்டிய வீடு, தகரக் கூரை போட்ட ஒரு முருகன் கோயில். முதல் கம்ப்ரசர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டபோது பேப்பர் படிக்கத் தெரியாமல், ஒவ்வொரு மேசையாக நின்று, முகத்தைப் பார்த்தே யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்துகொண்டு வண்டியை வெளியே கொண்டுவந்தவன் நான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோழிப்பண்ணை என்று நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்த இடங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியில் பல நாள் போக வேண்டும். என்னிடம் வேலை பழகிய சாம்பியாக்காரப் பையன்கள் ஒருவரை ஒருவர் “ஏனுங்க” என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் செய்தவனுக்குப் போன வாரம் பல்லடத்திலிருந்து பழனிச்சாமி போன் செய்தான். என் பெரியப்பா மகன். என்னைவிடச் சின்னவன், தறிக் குடோன் வைத்திருக்கிறான்.

“ஏனுங்ணா, நல்லாருக்கீங்களா? தெய்வானைக்கு வருசத் திதி வருதுங்ணா, அடுத்த மாசம்.”

“எனக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவன் நானு.”

“தெரியுமுங்ணா. அதில்லீங். அத்தன தூரத்துல இருந்து ஒடம்ப வருத்திக்காதீங்க. பொறந்த ஊட்டு மொறைய நானே செஞ்சுபோடறேன். நீங்க வீடியோவுல பாத்துக்கலாமுங்.”

“நீ யார்றா செய்யறதுக்கு?”

அவன் கோபப்படவில்லை. அதுதான் என்னைக் குத்தியது. “போன தடவ செஞ்சவனே செய்யட்டும்னு பெரியவங்க சொல்றாங்ணா” என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டான்.

போன தடவை என்றால், தெய்வானை செத்த அன்று. அவள் என் ஒரே தங்கச்சி. நம் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அதைத்தான் கோடி என்கிறோம். அந்தக் கோடியைப் பழனிச்சாமி போட்டான். நான் வரவில்லை என்று போட்டான். அன்று நடந்தது என்ன என்பது ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். கையெழுத்து மோசம், மகள் டைப் அடிக்க மாட்டேன் என்கிறாள். யார்டில் கணக்கு எழுதும் நாமக்கல் பையனிடம் சொல்லச் சொல்ல அடிக்கிறான்.

2

அது ஒரு வியாழக்கிழமை. இங்கே காலை, அங்கே மத்தியானம். ரிக் வண்டியின் டயரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெய்வானையின் மகன் சரவணன் கிணத்துக்கடவிலிருந்து கூப்பிட்டான்.

“மாமா... அம்மா போயிட்டாங்க மாமா.”

என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. வாயில் வந்தது ஒன்றுதான். “எடுத்துறாதீங்க கண்ணு. நான் பொறப்பட்டுட்டேன்.”

“பொறப்பட்டுட்டீங்களா மாமா?”

“பொறப்பட்டுட்டேன். கோடி நான்தான் போடோணும். சொல்லி வை.”

அப்போது என் கையில் கிரீஸ் இருந்தது. சட்டைகூட மாற்றவில்லை. ஆனாலும் பொறப்பட்டுட்டேன் என்றுதான் சொன்னேன். நம் பக்கத்தில் யாராவது போனில் “இன்னும் கிளம்பவில்லை” என்று சொல்வார்களா? செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே “பாதி வழி வந்துட்டனுங்க” என்பதுதான் நம் வழக்கம். கேட்பவருக்கு ஒரு தெம்பு. கேட்பவருக்கும் அது தெரியும். பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்கு அது சரிதான். அரை மணி நேரம் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதானே.

அங்கே சரவணன் என்ன செய்தான் என்று பிறகுதான் தெரிந்தது. படித்த பையன், கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. கூடியிருந்த ஒறம்பரைகள், சொந்தபந்தமெல்லாம், “மாமன் எப்ப வருவார்” என்று கேட்டிருக்கிறார்கள். அவன் போனில் லுசாகா, கோயம்புத்தூர் என்று இரண்டு பெயரையும் அடித்துப் பார்த்திருக்கிறான். ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், விமானத்தில் எட்டு மணி நேரம்கூட இல்லை என்று காட்டியிருக்கிறது. “எட்டு மணி நேரமுங்க. மாமா பொறப்பட்டாச்சு” என்று சபையில் சொல்லிவிட்டான். பெரியவர்கள் விரலை மடக்கி எண்ணி, ராத்திரிக்குள் வந்துவிடுவார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

3

என் பாஸ்போர்ட் அன்று என்னிடம் இல்லை. இமிக்ரேஷன் ஆபீஸில் பர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். இங்கே இருக்க வேண்டுமென்றால் சில வருடங்களுக்கு ஒருமுறை அந்த வேலை உண்டு. எத்தனை ரிக் ஓடினாலும் அந்த ஜன்னலுக்கு முன்னால் நான் புதிதாக வந்தவன்தான். என் மூத்த டிரில்லர் மோசஸ் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். ஜன்னலில் இருந்த அம்மாவிடம் தங்கச்சி செத்ததைச் சொன்னேன். எனக்கு வரும் ஆங்கிலத்தில் “மை சிஸ்டர் ஈஸ் எக்ஸ்பயர்” என்றேன். பர்மிட்தானே எக்ஸ்பயர் ஆகும் என்று அந்த அம்மா முழித்தது. பிறகு மோசஸ் அவர்கள் மொழியில் சொன்னான். உடனே எழுந்து போய்த் தேடி எடுத்துக் கொடுத்தது. நல்ல மனுஷி. ஆனாலும் அதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது, அன்றைக்குப் போகும் விமானம் போய்விட்டது.

திரும்பி வரும்போது மோசஸ் கேட்டான், “எதுக்கு அய்யா இந்த அவசரம்? எங்க பக்கம் அண்ணன் வராம பொணத்த எடுக்க மாட்டாங்க. ஒரு வாரம் ஆனாலும் வெச்சிருப்பாங்க.”

அவனுக்கு நான் எப்படிச் சொல்வது? மறுநாள் வெள்ளி. அதற்கு அடுத்த நாள் சனி. சனிக்கிழமை எடுக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். வெள்ளி பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும்.

என் மகள் நிவேதா டிக்கெட் போட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், வங்கியில் வேலை. அவள் அம்மா போன பிறகு வீட்டில் தமிழ் பேச நான் ஒருவன்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்; மனசு வந்தால் தமிழ் கலந்து சொல்வாள். வெள்ளி மத்தியானம் லுசாகா, அங்கிருந்து அடிஸ் அபாபா, அங்கே காத்திருந்து பெங்களூர், பிறகு காரில் சேலம் வழி. “வேற வழி இல்ல டாடி” என்றாள்.

“ஊருக்குச் சொல்லீரு கண்ணு.”

“சரவணனுக்கு டிக்கெட் போட்டோ அனுப்பிட்டேன்.”

“வேற யாருக்காச்சும் போன் போட்டுச் சொல்லு.”

“வேற யாரு டாடி? ஊர்ல என்கிட்ட இருக்கறது அந்த ஒரு நம்பர்தான்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பெட்டியில் துணி வைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஊரில் நூறு பேர் ஒறம்பரை. என் மகளுக்கு ஒரு நம்பர்.

எழவு வீட்டில் பெற்ற மகன் உட்கார்ந்து போட்டோ பார்ப்பானா? அவன் பார்க்கவில்லை. சாயங்காலம் நானே அவன் நம்பருக்கு அடித்தேன். யாரோ ஒரு பெண் எடுத்தது, பின்னால் ஒப்பாரி. “எங்கீங்க இருக்கீங்க?” என்றது. “வந்துட்டே இருக்கனுங்க, எடுத்துறாதீங்க” என்றேன். “சரிங், சரிங், வந்துட்டாராமா” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வைத்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் போன் அணைந்தே இருந்தது, எழவு வீட்டிலிருந்த மற்றவர்களும் எடுக்கவில்லை.

4

சேலை வாங்கியதைச் சொல்ல வேண்டும். லுசாகாவில் குஜராத்திக்காரர் கடை ஒன்று உண்டு. சுமங்கலியாகப் போனவளுக்கு நல்ல அரக்குச் சிவப்பில் எடுத்தேன். கடைக்காரர் “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார். விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அதைப் பெட்டியில் போட மனம் வரவில்லை. கைப்பையில் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நான் லுசாகாவில் விமானம் ஏறிப் பெல்ட் மாட்டிய நேரத்தில் கிணத்துக்கடவில் தெய்வானையைத் தூக்கிவிட்டார்கள். எனக்குத் தெரியாது. அடிஸ் அபாபாவில் போன் வேலை செய்யவில்லை. அங்கே இலவச இன்டர்நெட் வேண்டுமென்றால் போனுக்கு ஒரு நம்பர் வரும் என்றார்கள். என் சிம் அந்த நாட்டில் எடுக்கவில்லை, எப்படி வரும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் கேட்டுப் பார்த்தேன், அவனுக்கு என் ஆங்கிலம் புரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே விமானம் விமானமாக ஏறிப் போகிறது. அவற்றில் ஒன்றுகூடக் கோயமுத்தூர் போகவில்லை.

பெங்களூரில் இறங்கியதும் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்களைத் தனியாக நிறுத்தி, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட புத்தகத்தைக் கேட்டார்கள். நான் அதைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருப்பவன். காட்டினேன். வரிசை நகரவில்லை. என் முறை வந்து முத்திரை குத்திக் கொடுத்தபோது அந்த அதிகாரியிடம் “ஜிக்கோமோ” என்றேன். லுசாகாவில் நன்றிக்கு அந்த வார்த்தைதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சொந்த நாட்டு மண்ணில் கால் வைத்து முதலில் பேசிய வார்த்தை அது.

காரில் ஏறியதும் டிரைவர் போனை வாங்கிச் சரவணனுக்கு அடித்தேன். இந்தத் தடவை எடுத்தான். நான் கேட்பதற்கு முன்னால் அழுதான். எனக்குப் புரிந்துவிட்டது. ஓசூரிலிருந்து அவினாசி வரைக்கும் சேலைப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

5

சனிக்கிழமை சாயங்காலம் நான் போய் இறங்கியபோது பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே எலும்பு பொறுக்கி முடித்திருந்தார்கள். யாரும் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. தெய்வானையின் நாத்தனார் வாசலில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் சொல்லாமல், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“எட்டு மணி நேரமுன்னு போன்லயே போட்டிருக்குது. எங்க பையன் கோயமுத்தூர்ல இருந்து திருச்செந்தூருக்கு பஸ்ஸுல போனாலே அத்தன நேரமாகுது. மனசு இருந்தா வந்திருக்கலாமுங்க.”

“அம்மணி, நான் கிளம்பி...”

“எங்களுக்கு என்னங்க தெரியும்? நீங்க பெரிய எடம். அவ பொழுதெல்லாம் மூடுன கண்ணோட காத்துக் கெடந்தா.”

பழனிச்சாமி எழுந்து வந்து என் பையை வாங்கப் பார்த்தான். நான் கொடுக்கவில்லை. சேலை அதில்தான் இருந்தது.

“அண்ணா, யாராச்சும் போடோணுமில்லீங்களா? பொழுது சாஞ்சுருச்சுன்னா சனி வந்துருமுங்.”

“நீ போட்டது தப்பில்லடா. அண்ணன் வரலேன்னு சபையில சொன்னியாமே, அதுதான் தப்பு.”

“வரலதானுங்ணா?”

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? வந்துகொண்டிருந்தேன் என்றால், எட்டு மணி நேரத்துப் பயணத்தை இரண்டு நாள் வந்தவன் ஆகிறேன். வரவில்லை என்றால் அண்ணனே இல்லை என்றாகிறது.

சரவணனைக் கூப்பிட்டு அந்தப் போனைக் காட்டச் சொன்னேன். காட்டினான். லுசாகாவிலிருந்து கோயமுத்தூருக்கு ஒரு வளைந்த கோடு. நடுவில் கடல். எங்கும் நிற்கவில்லை.

“இந்த ப்ளேன் எங்கிருந்து கண்ணு கெளம்புது?”

அவன் தேடிப் பார்த்தான். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். முகம் மாறிப்போய், “அப்படி ப்ளேனே இல்லீங் மாமா” என்றான். “சும்மா ஊருக்கு ஊரு கோடு போட்டு, தூரத்த வேகத்தால வகுத்துப் போட்டிருக்காங்க.”

“இல்லாத ப்ளேனுக்கு எதுக்குடா நேரம் போடறாங்க?”

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஆனால் இதை அவன் என்னிடம்தான் சொன்னான். சபையில் சொன்னது மட்டும் சபையிலேயே இருக்கிறது. அதை எடுத்து மாற்ற ஒருவரும் வரவில்லை.

6

கூட்டம் கலைந்த பிறகு தங்கச்சி புருஷன் ஆறுமுகம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசாதவர். தென்னந்தோப்பைத் தவிர வேறெதையும் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

“மாப்ள, நீங்களுமா என்னைய நம்பல?” என்றேன்.

“நம்பறனுங்க மச்சா. ஆனா நீங்கதானுங்களே சொன்னீங்க, உடுமலைக்குப் போய்ட்டு வர்ற மாதிரின்னு.”

எனக்கு முதலில் நினைவு வரவில்லை. பிறகு வந்தது. முதன்முதலில் ஆப்பிரிக்கா கிளம்பிய அன்று தெய்வானை என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவளுக்குக் கல்யாணமான புதிது. அம்மா அப்பா இல்லை, நான் ஒருவன்தான். “எத்தன தொலைவுங்ணா?” என்று கேட்டாள். “அடப் போ கண்ணு, உடுமலைக்குப் போய்ட்டு வர்ற நேரந்தான். ப்ளேன்ல ஏறிக் கண்ண மூடித் தொறந்தா வந்துருவேன். நீ ஒரு வார்த்த சொல்லி உட்டீன்னா மத்தியானச் சோத்துக்கு இங்க இருப்பேன்” என்றேன். அவள் சிரித்துவிட்டுப் பெட்டியை விட்டாள். அழுகிறவளிடம் ஆறாயிரம் கிலோமீட்டர் என்று எந்த அண்ணன் சொல்வான்? அதற்குப் பிறகு ஊருக்கு வந்தபோதெல்லாம் அதையேதான் சொன்னேன். வந்து இறங்கிய களைப்பை அவளிடம் காட்டியதில்லை. குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டுதான் அவள் வீட்டுக்குப் போவேன்.

“அவ கடைசி வரைக்கும் அதத்தானுங்க நம்புனா” என்றார் ஆறுமுகம். “மூச்சு வாங்க ஆரம்பிச்சப்பக்கூட, அண்ணனுக்கு ஒரு போனு போடுங்க, பக்கத்துலதான் இருக்குது, வந்துரும்னா. நாந்தான், எதுக்கு ஒங்கள பயமுறுத்தோணும், காலைல பாக்கலாம்னு உட்டுப்போட்டேன்.”

பூமிக்குள் எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர் என்று நின்ற இடத்தில் சொல்கிறவன். அவள் அதை இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பையிலிருந்து சேலையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாம்பலைக் கரைக்கப் பேரூர் போக வேண்டும். மண் கலயத்தை ஒரு வெள்ளைத் துணியில் கட்டி வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆறுமுகம் அதைக் கீழே இறக்கி, வெள்ளைத் துணியை அவிழ்த்துப் போட்டார். என் சேலையை விரித்து, கலயத்தை நடுவில் வைத்து, நான்கு மூலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார்.

“நீங்க வெச்சுக்குங்க மச்சா” என்றார்.

கிணத்துக்கடவிலிருந்து பேரூர் ஆற்றங்கரை வரைக்கும் நான்தான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சரவணன் வண்டி ஓட்டினான். பழனிச்சாமியும் பின்னால் இருந்தான், அவனே சாட்சி. ஆற்றில் இறங்கிச் சாம்பலை விட்டுவிட்டு, சேலையையும் தண்ணீரில் விட்டேன். கொஞ்ச நேரம் விரிந்து மிதந்தது, பிறகு போயிற்று.

கரையில் ஒரு பெரியவர் சொன்னார், “உடம்பு மேல போட்டாத்தானுங்க கோடி. இது கணக்குல வராதுங்.” அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து அன்று நான் பேசவில்லை.

7

இப்போது பேசுகிறேன்.

வருசத்துக்கு நான் வருகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது, ஒரு வாரம் முன்னாலேயே வருகிறேன். நிவேதா வரவில்லை. லீவு இல்லை என்கிறாள். “ஒரு துணிக்காகவா டாடி ஒரு வருஷமா இப்படி இருக்கீங்க?” என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, “அத்தைக்கு உங்களத் தெரியும்ல, அது போதாதா?” என்றாள். போதாது. தெரிந்தவள் போய்விட்டாள். மீதி இருப்பவர்களுக்குத் தெரியாது, அதுதான் விஷயம். நாளைக்குச் சரவணனுக்குக் கல்யாணம் வரும். தாய்மாமன் எங்கே என்று சபை கேட்கும்போது எல்லோரும் பழனிச்சாமியைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு தடவை மாறிய முறை அப்படியே நின்றுவிடும். இந்த நாட்டில் என் பெயரில் என்ன ஓடினாலும் அந்தச் சபையில் என் நாற்காலி காலியாகிவிடும், பிறகு அதை எடுத்தும் போட்டுவிடுவார்கள். இந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பழனிச்சாமி நல்லவன். எடுக்கும் நேரத்தில் கூட நின்றான், பாடையைத் தூக்கினான். அவன் செய்ததை அவனுக்கே எழுதிக்கொள்ளட்டும். ஆனால் நான் வந்தேன். ஒரு நாடு, இன்னொரு நாடு, இரண்டு விமானம், ஒரு கார், ஆற்றங்கரை வரை அவளுக்கு என்று எடுத்த துணியைக் கீழே வைக்காமல் வந்தேன். எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டவன் எவனோ, அவன் அந்த வழியில் ஒரு நாளும் வந்திருக்க மாட்டான். உடம்பின் மேல் போட்டால்தான் கோடி என்றால், அன்று அவளுக்கு மிச்சம் இருந்த உடம்பு அந்தக் கலயத்தில் இருந்தது. அதைச் சுற்றி இருந்தது என் சேலை. தண்ணீரில் போகும்வரை அவள் உடுத்தியிருந்தது அதைத்தான்.

ஆகவே கிணத்துக்கடவுப் பெரியவர்களுக்கும் பல்லடத்துப் பங்காளிகளுக்கும் சொல்கிறேன். வருசத்தன்று சபையில் பிறந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிடும்போது இப்படிச் சொல்லிக் கூப்பிடுங்கள்: தெய்வானைக்குக் கோடி கொண்டுவந்தவன் அவள் அண்ணன் ரங்கசாமி. பழனிச்சாமி பெயரையும் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் பெயரைச் சொன்ன பிறகு சொல்லுங்கள்.